ஏரிக்கரை வயலும் மூணு வகைக் கல்லும்

போன மாசம் எங்க பழைய வீட்டை இடிச்சோம். இடிச்சுப் போட்ட பிறகுதான் கவனிச்சேன், ஒரே வீட்டுக்குள்ள மூணு காலத்துக் கல்லு கிடந்துச்சு. முன்னாடி ஆசாரமும் நடுவீடும் அப்பாரு 1956ல கட்டினது, அதுல நாட்டுச் செங்கல். பக்கத்து அறை எங்க அய்யன் போட்டது, அதுல சேம்பர் செங்கல். கடைசியா நான் கட்டின மாட்டுக் கொட்டகையில சிமெண்ட் ஹாலோபிளாக்.

அப்பாரு காலத்துல செங்கல்லுன்னு தனியா ஒரு வியாபாரம் எங்க ஊர்ல கிடையாது. வீடு கட்டுறவங்க அவங்கவங்க காட்டு ஓரத்துலயே மண்ணு வெட்டி, தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி ஊறவச்சு, காலால மிதிச்சு, மர அச்சுல அறுத்துக் காயப்போடுவாங்க. காஞ்சதும் அடுக்கி, இடையில வேலிமுள்ளும் வெறகும் உமியும் வச்சுத் தீ மூட்டி, வெளிப்பக்கம் சேறு பூசி மூடிடுவாங்க. அதுதான் சூளை. நடுவுல இருக்கிற கல்லு நல்லா வெந்து செவந்திருக்கும். ஓரத்துக் கல்லு பாதி வேகாம மழை பட்டாக் கரையும். வேகாததை உள்செவுருக்கு வச்சுக்குவாங்க. கட்டுறதுக்குச் சிமெண்ட் இல்லை, காளவாயில சுட்ட சுண்ணாம்பை மாடு கட்டிச் செக்குல அரைச்ச சாந்து. அதனாலதான் அப்பாரு செவுத்துக் கல்லைக் கடப்பாரையில நெம்பினா முழுசா வந்துச்சு, சாந்து தூளா உதிர்ந்துச்சு. அய்யன் கட்டின அறையில சிமெண்ட் விடவே இல்லை, கல்லுதான் உடைஞ்சுது.

ஒரு வீட்டுக்கு ஒரு சூளை. வேலை முடிஞ்சா நெருப்பு அணைஞ்சிரும், வெட்டின குழியில மறு வருஷம் சோளம் விதைச்சிருவாங்க.

சேம்பர் வந்ததும் இந்தக் கணக்கு மாறிப்போச்சு. அணையாம நெருப்பு சுத்திச் சுத்தி வர்ற சூளைக்கு ஜெர்மனியில ஹாஃப்மன்ங்கிறவர் 1858லயே காப்புரிமை வாங்கிட்டார். அதை இந்தியாவுக்குத் தோதா, தரையில வட்டமாப் பள்ளம் வெட்டி எரிக்கிற மாதிரி 1876ல புல்ங்கிற இங்கிலீஷ் எஞ்சினியர் மாத்தினார். சூட்சுமம் இதுதான்: வெந்து முடிச்ச கல்லு வழியா உள்ளே வர்ற காத்து அந்தச் சூட்டை எடுத்துக்கிட்டுப் போயி எரியிற இடத்துக்கு உதவும். அங்கிருந்து போற புகை, முன்னாடி அடுக்கின பச்சைக் கல்லைக் காய வச்சிட்டுப் புகைபோக்கியில ஏறும். விறகுச் சூளையை விட எரிபொருள் ரொம்பக் குறைவு, கல்லும் ஒரே சீரா வேகும். யோசிச்சவன் கெட்டிக்காரன்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனா அந்த நெருப்பை நிறுத்தக் கூடாது. நெருப்பு நகர நகர முன்னாடி பச்சைக் கல்லு தயாரா இருக்கணும், அதுக்குத் தினமும் மண்ணு வேணும். எங்க பக்கம் எண்பதுகள்ல சேம்பர் பெருகினப்போ அந்த மண்ணைத் தேடித்தான் ஆளுங்க வயல் வயலா வந்தாங்க. அதுவரைக்கும் சிமெண்ட் வாங்கணும்னா பர்மிட்டுக்கு அலையணும். 1982ல அரசாங்கம் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்திச்சு, 1989ல முழுசா எடுத்திருச்சு. சிமெண்ட் தாராளமா வந்ததும் கட்டடம் பெருகுச்சு, கல்லுக்கும் கிராக்கி வந்துச்சு.

அக்கா கல்யாணம் 1984ல. கையில காசு இல்லை. ஏரிக்கரை வயல் அரை ஏக்கர், நல்ல வண்டல். சூளைக்காரர் வந்து, "மேல மூணடி மட்டும்தான் எடுப்போம், அடியில இருக்கிற மண்ணுல நீங்க வெள்ளாமை பண்ணிக்கலாம்"னு சொன்னாரு. அய்யன் பணத்துல பாதியை ரொக்கமாவும் மீதியைக் கல்லாவும் வாங்கிக்கிட்டாரு. அந்தக் கல்லுலதான் பக்கத்து அறையைக் கட்டினது. மூணடின்னு பேசினது, எடுத்து முடிச்சப்போ அஞ்சடிக்கு மேல இருந்துச்சு. எழுத்துல ஒண்ணும் இல்லை, யார்கிட்டப் போயிக் கேக்குறது?

பல வருஷம் கழிச்சு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர்ங்கிறது 43,560 சதுர அடி. ஒன்பதுக்கு நாலரைக்கு மூணு இஞ்ச் கல்லுன்னா, ஒரு ஏக்கர்ல ஒரு அடி மண்ணுக்கே தோராயமா 6 லட்சம் கல்லு வரும். எங்க அரை ஏக்கர்ல மூணடிக்கு 9 லட்சம். ஒரு சின்ன வீட்டுக்கு 20,000 கல்லுன்னு வச்சா 45 வீடு. அய்யன் வாங்கின பணம் அதுல ரெண்டு வீட்டுக் கல்லு விலைக்குக் கூட வராது.

வயலு பள்ளமாப் போச்சு. மழை பெஞ்சா பத்து நாளைக்குத் தண்ணி நிக்கும், வெயில் அடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். ஏரி தூர் வார்றப்பல்லாம் வண்டல் அடிச்சுக் கொட்டிக்கிட்டே இருக்கேன், இன்னும் மேடாகலை.

இதுக்கு நடுவுல மேட்டூர்ல அனல்மின் நிலையம் 1987ல ஓட ஆரம்பிச்சுது. எங்க ஊர்ல இருந்து நாப்பது கிலோமீட்டர். நம்ம நாட்டு நிலக்கரியில சாம்பல் ரொம்ப அதிகம், எரிச்சதுல சுமாரா மூணுல ஒரு பங்கு சாம்பலாவே மிஞ்சும். அதை எங்க கொட்டுறதுன்னு எல்லா ஊர் மின் நிலையத்துக்கும் தலைவலி. 1999 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டுது: அனல்மின் நிலையத்துல இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள செங்கல் சுடுறவங்க எடையில 25 சதவீதமாவது சாம்பல் கலக்கணும். 2003ல அந்தத் தூரத்தை 100 ஆக்கினாங்க, 2016ல 300. அந்த அறிவிக்கையோட நோக்கத்துல மேல்மண்ணைக் காப்பாத்தணும்னு வெளிப்படையாவே எழுதியிருக்கு. அதைப் படிச்சப்போ எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க வயலை வெட்டிப் பதினஞ்சு வருஷம் ஆனதுக்கு அப்புறம் டெல்லியில யாரோ எழுதியிருக்காங்க.

இப்ப புது வீட்டுக்குச் சாம்பல் கல்லுதான் சொல்லியிருக்கேன். சாம்பல், சுண்ணாம்பு இல்லைன்னா சிமெண்ட், ஜிப்சம், கிரஷர் தூசி எல்லாம் கலந்து மெசினுல அழுத்தி, தண்ணி தெளிச்சு ரெண்டு மூணு வாரம் வச்சா இறுகிடும். சூளையும் இல்லை, புகையும் இல்லை. கொத்தனாரு, "வழவழன்னு இருக்குதுங்க, பூச்சு சரியாப் பிடிக்காது"ன்னு முனகினாரு. எங்க ஆத்தாவுக்குச் சாம்பல்ல வீடு கட்டுறதே பிடிக்கலை. "சாம்பலு சுடுகாட்டுல இருக்கிறதுடா"ன்னு ரெண்டு நாள் பேசாம இருந்துச்சு.

இதுலயும் மனசு முழுசா ஒப்பலை. அந்தக் கிரஷர் தூசியும், ஹாலோபிளாக் ஜல்லியும், ஆத்து மணலுக்குப் பதிலா வர்ற எம்-சாண்டும் எல்லாம் பாறையை உடைச்சு எடுக்கிறதுதான். எங்க ஊருக்குக் கெழக்க இருந்த கரட்டுல பாதி இப்ப இல்லை. அங்க வெடி வைக்கிறப்போ எங்க கெணத்துப் படிக்கட்டு அதிரும்.

இடிச்ச கல்லை வாங்குறதுக்கு ஒரு வியாபாரி வந்தாரு. அப்பாரு காலத்து நாட்டுக் கல்லையும் ஹாலோபிளாக்கையும் கொடுத்துட்டேன். அய்யன் அறைக் கல்லு முழுசாத் தேறினது ஆயிரத்துச் சொச்சம். அதை மட்டும் ஏரிக்கரை வயலுக்குக் கொண்டு போயி வரப்போரமா அடுக்கியிருக்கேன். மழைத்தண்ணி வெளியேற ஒரு சின்ன மதகு கட்டணும், இந்த ஐப்பசிக்குள்ள.