கிளிக்குள் இருக்கும் உயிர்

சென்ற மாதம் புத்தக அலமாரி ஒன்றைச் சுவரில் பொருத்த வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, கம்பியில்லாத துளைக்கருவியை எடுத்தேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. பேட்டரி மட்டும் செத்துப்போயிருந்தது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த பேட்டரி இப்ப வர்றதில்ல சார், புது மெஷினே வாங்கிடுங்க" என்றார்.

ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையைச் சிறுவயதில் கேட்டிருப்போம். அரக்கன் எவ்வளவு பலசாலியானாலும், கிளியின் கழுத்தைத் திருகினால் அவன் கதை முடிந்தது. துளைக்கருவியின் உயிர் அதன் உடலை விட்டு இப்படி வெளியேறியது எப்போது?

தச்சர்களின் பழைய துரப்பணத்தை வில்லின் கயிறு சுழற்றியது. அதை இயக்கிய ஆற்றல் தச்சரின் தோளில் இருந்தது. 1889-இல் மெல்பர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் ஆகிய இருவரும் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கிப் பயன்படுத்தக்கூடிய மின் துளைக்கருவியை உருவாக்கியது. அமெரிக்காவின் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற நண்பர்கள் துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட கருவிக்கு 1917-இல் காப்புரிமை பெற்றனர். இன்று நம் கையில் இருப்பது ஏறக்குறைய அதே வடிவம்தான். தோளில் இருந்த ஆற்றல் சுவருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆனால் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை கருவிக்கும் உயிர் இருந்தது.

கம்பியை அறுத்தது 1961. அவ்வாண்டு பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல்-காட்மியம் மின்கலங்களால் இயங்கும் துளைக்கருவியை வெளியிட்டது. அந்த மின்கலத்தை சுவீடனின் வால்டெமார் யுங்னர் 1899-லேயே கண்டுபிடித்திருந்தார். இக்கருவி விண்வெளி ஆய்வின் கொடை என்று பலரும் நம்புகிறார்கள். நாசாவே அதை மறுத்திருக்கிறது. நடந்தது நேரெதிர். கம்பியில்லாக் கருவிகளில் பெற்ற அனுபவத்தைக் கொண்டுதான் அந்நிறுவனம் நிலவுத் துளைக்கருவியின் உருவாக்கத்தில் பங்கேற்றது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் அதனால் நிலவைத் துளைத்தார். ஏறத்தாழ 2.4 மீட்டர் ஆழம் இறங்கிய மாதிரிக் குழாய் மண்ணில் இறுகிக்கொண்டது. அதைப் பிடுங்க அவரும் ஜேம்ஸ் இர்வினும் பெரும்பாடு பட்டார்கள். பேட்டரி துளைத்ததை மீட்க மீண்டும் தோள்களே தேவைப்பட்டன.

1978-இல் ஜப்பானின் மகிதா 7.2 வோல்ட் துளைக்கருவியைக் கொண்டுவந்தது. 2005-இல் அமெரிக்காவின் மில்வாக்கி 28 வோல்ட் லித்தியம்-அயனிக் கருவிகளை வெளியிட்டது. நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று தருவது 1.2 வோல்ட், லித்தியம் மின்கலம் 3.6 வோல்ட். 18 வோல்ட்டுக்கு முன்பு பதினைந்து மின்கலங்கள் தேவைப்பட்டன. இப்போது ஐந்து போதும். காட்மியம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அத்தகைய கையடக்க பேட்டரிகளைத் தடைசெய்தது. கம்பியில்லாக் கருவிகளுக்கு மட்டும் அளித்திருந்த விலக்கும் 2016 முடிவோடு நின்றது. நியாயமான முடிவுதான். ஆனால் ஒரு தலைமுறைக் கருவிகள் அநாதையாயின.

அதைவிடக் கசப்பானது இன்னொன்று. ஒவ்வொரு நிறுவனமும் பேட்டரி பொருந்தும் பள்ளத்தைத் தனக்கென ஒரு வடிவில் அமைத்தது. ஒருவரின் பேட்டரி மற்றவரின் கருவியில் நுழையாது. 2018-இல் ஜெர்மனியின் மெட்டாபோ முன்னின்று, பல நிறுவனங்கள் ஒரே பேட்டரியைப் பகிரும் கூட்டணி ஒன்றை அமைத்தது. கிளியைப் பொதுவில் வளர்க்கும் முயற்சி அது. இன்னும் எல்லோரும் சேரவில்லை.

ஆகவே துளைக்கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதே. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அதில் அடங்கிய ஆற்றல் தெரியும்: 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. "20 வோல்ட் மேக்ஸ்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதும் பெரும்பாலும் அதே ஐந்து மின்கலங்கள்தான்; முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அளந்த எண் அது. மர வேலைக்கும் திருகாணிக்கும் 12 வோல்ட் போதும். செங்கல் சுவருக்கு 18 வோல்ட்டில், சுத்தியல் போல் தட்டித் துளைக்கும் வகை வேண்டும். கான்கிரீட்டில் அடிக்கடி துளையிடுபவருக்குக் கம்பியுள்ள கருவியே இன்றும் உற்ற துணை. எதை வாங்கினாலும், அதே பேட்டரியில் வேறு எத்தனை கருவிகள் இயங்குகின்றன, அது தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை நான் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்கவில்லை.

புதியதை நான் இன்னும் வாங்கவில்லை. அலமாரிச் சுவரிலிருந்து பிளக் பாயின்ட் ஆறடி தூரம்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கம்பியுள்ள பழைய டிரில்லை இரவல் வாங்கி நான்கு துளைகளையும் போட்டு முடித்தேன். அது அவருடைய அப்பா வாங்கியதாம். என்னுடையதை எறிய மனம் வரவில்லை; அலமாரியின் கீழ்த்தட்டில், புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.