மண அழைப்பும் அச்செழுத்தும்

கோலார் தங்கவயலிலிருந்து நமக்கு வந்த மண அழைப்பிதழ் ஒன்றில் ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் தமிழ். ஆங்கில எழுத்துக்கள் கொடிபோல ஒன்றையொன்று தழுவி ஓடுகின்றன; தமிழெழுத்துக்களோ தனித்தனியே நிற்கின்றன.

அக்கொடியெழுத்தின் தாயகம் இலண்டன் எனலாம். இறகுப் பேனாவால் எழுத வல்லாரின் கையெழுத்துக்களை ஜார்ஜ் பிக்காம் என்பார் செம்புத் தகட்டில் செதுக்கி, 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அவ்வெழுத்தை ஈய அச்சாக வார்ப்பது எளிதன்று. சாய்ந்து நீளும் மெல்லிய முனைகள் ஒடிந்துவிடும். ஒளிப்பட அச்சுக்கோப்பு வந்த பின்னரே, 1966இல், மாத்யூ கார்ட்டர் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ எழுத்தை இடையறாது இணைத்தளித்தார்.

நம் எழுத்தை வளர்த்தவை எழுத்தாணியும் பனையோலையும். ஓலையில் தனித்து நின்ற எழுத்து அச்சிலும் அவ்வாறே நின்றது.

தங்கவயலில் அவ்வெழுத்துக்கு மண அழைப்பினும் பெரிய பணி இருந்தது. 1907இல் அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீப்பில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. கன்னட நாட்டில், சுரங்கத்தில் உழைக்க வந்தோரிடையே நிகழ்ந்தது இது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதன் அருமை விளங்கும்.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அழைப்பிதழ்கள் இன்றும் வருகின்றன. ஆங்கிலப் பக்கத்தை நாம் வியந்து பார்த்திருந்தோம். நம் இல்லத்து மூதாட்டியோ தமிழ்ப் பக்கத்தை எழுத்தெழுத்தாக விரல்வைத்துப் படித்து முடித்துவிட்டு, முகூர்த்தம் காலை எட்டு மணிக்கு என்றார்.