படைத்துறை நகர்வுத் தரவு மையம்

படைத்துறை நகர்வுத் தரவு மையம் என்பது சர்வர்கள், சேமிப்புக் கருவிகள், வலைப்பின்னல் சாதனங்கள், குளிரூட்டி ஆகியவற்றைச் சரக்குக் கன்டெய்னருக்குள் பொருத்தி, படை முகாமிடும் இடத்துக்கே கொண்டுசெல்லும் அமைப்பு. வரைபடம், உளவுப் படம், தளவாடக் கணக்கு போன்றவற்றைக் களத்திலேயே கையாள இது உதவுகிறது. இதை விலைக்கு வாங்காமல், தேவைப்படும்போது மட்டும் சேவையாகப் பெறும் ஒப்பந்தங்களும் உண்டு.

அமைப்பு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2006 அக்டோபரில் அறிவித்த ‘பிராஜெக்ட் பிளாக்பாக்ஸ்’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 20 அடிக் கன்டெய்னருக்குள் ரேக்குகள் அதிர்வுதாங்கிகளின் மேல் நின்றன. மின்சாரம், குளிர்நீர், வலை இணைப்பு மூன்றையும் வெளியிலிருந்து கொடுத்தால் போதும். மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட அஸூர் நகர்வு மையம் செயற்கைக்கோள் வழியாகவும் இணையும். இணைப்பு அறுந்தாலும் தனித்து இயங்கும்.

ஒப்பந்த முறை

அமெரிக்காவில் இவற்றுக்குப் பெரும்பாலும் உச்சவரம்பு ஒப்பந்தம் போடப்படுகிறது. மொத்தத் தொகைக்கும் காலத்துக்கும் வரம்பு குறிக்கப்படும். எத்தனை கருவிகள் என்பது முன்கூட்டித் தீர்மானிக்கப்படாது. தேவை எழும்போது தனித்தனிப் பணியாணை வழங்கப்படும். அமெரிக்கத் தரைப்படை 2011 இறுதியில் நிலையான மையங்களுக்கும் கன்டெய்னர் மையங்களுக்கும் சேர்த்து, சுமார் 25 கோடி டாலர் உச்சவரம்பில் ஐ.பி.எம்., எச்.பி., லாக்ஹீட் மார்ட்டின் உள்ளிட்ட நிறுவனங்களைத் தேர்ந்தது.

ஒரே நிறுவனத்தை நம்பும் முயற்சி நிலைக்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் 2019-இல் மைக்ரோசாஃப்டுக்கு வழங்கிய, 1,000 கோடி டாலர் வரை மதிப்புள்ள ‘ஜெடை’ மேகக் கணிமை ஒப்பந்தம் வழக்குகளில் சிக்கி 2021 ஜூலையில் ரத்தானது. அதற்குப் பதிலாக 2022 டிசம்பரில் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் ஆகிய நான்கும் 900 கோடி டாலர் வரம்புள்ள புதிய ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டன.

இந்தியாவில்

இந்தியப் படைகளின் பெரிய தகவல்தொடர்புத் திட்டங்கள் சொந்த உடைமையாகவே அமைகின்றன. முப்படைகளுக்கான தனிக் கண்ணாடி இழை வலைப்பின்னலை அமைக்கும் பணி பி.எஸ்.என்.எல்.-இடம் ஒப்படைக்கப்பட்டது, இதற்கான ஒதுக்கீடு 2018-இல் ரூ. 24,664 கோடியாக உயர்த்தப்பட்டது. தரைப்படையின் ‘அஸ்கான்’ தகவல்தொடர்பு வலைப்பின்னலின் நான்காம் கட்டப் பணி 2020-இல் ரூ. 7,796 கோடிக்கு ஐ.டி.ஐ. நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சொந்த உடைமையான நிலையான அமைப்புக்குத் தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அண்மையில், நாங்குநேரி வட்டாரத்து விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். நெடிய கோபுரங்கள் கொண்ட இது நகர்வு மையத்துக்கு நேர் எதிர்: எங்கும் பெயர்க்க முடியாது.

2020 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை, உடைமை இல்லாமல் தவணை செலுத்திப் பயன்படுத்தும் குத்தகைக்கு வழி திறந்தது. அடுத்த மாதமே ஜெனரல் அடாமிக்ஸ் நிறுவனத்தின் இரண்டு ‘சீ கார்டியன்’ ட்ரோன்கள் இந்தியக் கடற்படைக்குக் குத்தகையில் வந்து, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறக்கத் தொடங்கின. 2024 செப்டம்பர் 18-இல் ஒன்று சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் விழுந்தது. ஈடாக வேறொன்றை நிறுவனமே தந்தது. இது தரவு மையம் அல்ல. ஆயினும் குத்தகை முறையில் இழப்பு யார் தலையில் விழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கிடைக்கும் சான்று.

பேரிடர்ப் பயன்பாடு

இத்தகைய மையங்கள் மீட்புப் பணிக்கும் உதவுவன. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் தாக்கியபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்தன, தொலைபேசிச் சேவை தடைபட்டது. கடலில் இருந்த மீனவர்களைக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின. கரையில் மின்சாரமும் இணைப்பும் அறும் இத்தகைய வேளைகளே தனித்து இயங்கும் மையத்தின் தேவையைக் காட்டுகின்றன.

சிக்கல்கள்

போர் நீண்டால் வாடகை, கொள்முதல் விலையைத் தாண்டிவிடலாம். பழுது பார்க்கும் நிறுவன ஊழியர் போர்முனைக்கு வருவாரா என்பதும் கேள்வி. இவற்றினும் பெரியது கட்டுப்பாடு. உக்ரைன் போரில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவை தனியார் நிறுவனத்தின் முடிவைச் சார்ந்திருந்தது விவாதமானது. 2023 ஜூனில் பென்டகன் அச்சேவைக்குத் தானே ஒப்பந்தம் செய்தது. எனவே கருவி நிறுவனத்தின் உடைமையாக இருந்தாலும், மறைகுறியீட்டுச் சாவியும் சேவையை நிறுத்தும் அதிகாரமும் படையிடமே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவது இன்றியமையாதது.