ஈற்றின் தந்தையும் குட்டியின் உடைமையும்: நாய் வளர்ப்பு வழக்குகளில் மரபணுச் சான்றின் எல்லை

ஓர் ஈற்றைச் சுற்றி எழும் சச்சரவில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: குட்டிகளின் தந்தை எது, குட்டிகள் யாருக்கு உரியவை. முதலாவதை உயிரியல் தீர்க்கும். இரண்டாவதைத் தீர்ப்பவை ஒப்பந்தமும் சொத்துரிமைச் சட்டமுமே. மரபணுச் சோதனை கைக்கெட்டியபின் இரண்டையும் ஒன்றாக எண்ணும் போக்கு வளர்ந்துள்ளது, அது பிழை.

இப்பிழைக்கு ஊக்கம் தந்தது 2020 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் எழுந்த வழக்கு. கறுப்பு லாப்ரடார் ஒன்றை இருவர் தமதென்றனர். ஒருவர் அதைக் குட்டியாகப் பச்மரியில் வாங்கியதாகச் சொன்னார். மற்றவர் காட்டிய இடம் வேறு. காவல்துறை அந்த நாயின் மாதிரியையும் பச்மரியிலிருந்த தந்தை நாயின் மாதிரியையும் ஆய்வுக்கு அனுப்பியது. 2021-இல் வந்த முடிவு பச்மரிக் கூற்றை உறுதி செய்தது. அங்கே பிறப்பு உடைமையைக் காட்டியதற்குக் காரணம், இரு தரப்பின் உரிமையும் ‘எங்கே வாங்கியது’ என்ற ஒரே புள்ளியில் நின்றதுதான். ஒரே பெட்டையை இருவர் கூட்டாக வைத்திருந்து குட்டிகளுக்காக மோதும்போது தாயும் தந்தையும் இருவருக்கும் தெரிந்தவையே. அங்கே சோதனைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தந்தை எது என்பதே ஐயமாக இருக்கும் இடங்களும் உண்டு. ஏற்காட்டை அடுத்த வாழவந்தி போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் காப்பித் தோட்டக் காவலுக்கு அவிழ்த்து விடப்படும் பெட்டை, பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களுடன் சேர வாய்ப்பு மிகுதி. வெளிவந்த கருமுட்டைகள் முதிர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆணின் விந்தணு பெட்டையின் உடலில் பல நாள் உயிரோடிருக்கும். ஆகவே ஒரே ஈற்றில் இரு தந்தையரின் குட்டிகள் பிறக்கக்கூடும். குட்டிகளின் நிறத்தையும் காதையும் பார்த்துத் தந்தையைச் சொல்வது நம்பத்தக்கதன்று. ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்றைச் சோதித்து முழு ஈற்றுக்கும் முடிவு சொல்லக் கூடாது.

சோதனையின் கணக்கு எளியது. ஒவ்வொரு மரபுக்குறியிலும் குட்டி தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுகிறது. தாய் தந்ததைக் கழித்தால் எஞ்சியது தந்தையிடம் இருந்தாக வேண்டும். இல்லையெனில் அந்த ஆண் நாய் விலக்கப்படும். விலக்குவது உறுதியானது, ஏற்பதோ நிகழ்தகவு. ராஜபாளையம், சிப்பிப்பாறை போல நெருங்கிய உறவுக்குள் இணை சேர்க்கப்பட்டு வரும் இனங்களில், போட்டியிடும் இரு ஆண்களும் உடன்பிறப்புகளாக இருந்தால் சில குறிகள் மட்டும் போதா. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. பால் குடித்த கையோடு குட்டியின் கன்னத்துள் பஞ்சுக்குச்சியைத் தேய்த்தால் தாயின் உயிரணுவும் ஒட்டி வரும். தாயிடமிருந்து பிரித்து வைத்து, வாயைத் துடைத்து, சிறிது நேரம் கழித்தே எடுக்க வேண்டும்.

தந்தை நிறுவப்பட்டாலும் ஆண் நாயின் உரிமையாளருக்குக் குட்டியில் தானாகப் பங்கு வந்துவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 163-ஆம் பிரிவில், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது ஒப்படைத்த பொருளின் பெருக்கமும் ஒப்படைத்தவருக்கே சேரும் என்கிறது. அது காட்டும் உதாரணம், காவலில் விட்ட பசு ஈன்ற கன்று. பெருக்கம் தாயைத் தொடர்கிறது. காளையின் சொந்தக்காரருக்கு அங்கே இடமில்லை. தமிழகக் கிராமங்களில் ஆட்டை ‘வாரத்துக்கு’ விடும் வழக்கமும் இதையே காட்டுகிறது: வளர்ப்பவருக்குக் குட்டியில் பங்கு கிடைப்பது பேச்சினால்; இரத்தத்தால் அன்று. இணை சேர்க்கும் கட்டணத்துக்குப் பதிலாக ஒரு குட்டி கேட்பவரின் நிலையும் அதுவே. ஈற்றில் ஒரே குட்டி பிறந்தால் என்ன, முதலில் தெரிந்தெடுப்பவர் யார் என்பவை பேசப்படாமல் விடப்படுவதே பெரும்பாலான பகைக்கு வித்து.

கூட்டுடைமையில் ஆபத்து இன்னும் கூர்மையானது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 28-ஆம் பிரிவின்படி, மற்றவர் இசைவோடு பொருளைத் தனியே வைத்திருக்கும் பங்காளி அதை விற்றால், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிமை கடந்துவிடும். சட்டத்தின் பார்வையில் நாயும் பொருள்தான். எனவே ஏமாந்த பங்காளி நாயைத் திரும்பப் பெற முடியாமல், விற்றவரிடம் தம் பங்குத் தொகையை மட்டுமே கோர நேரும். பெட்டை யார் வீட்டில் வளர்கிறது என்பது இதனால்தான் சிறிய செய்தியன்று.

சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்று வம்சாவளிக்குச் சான்று. உரிமையில் அது ஓர் ஆதாரம் மட்டுமே, முடிந்த முடிவன்று. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்கின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதையும் தடுக்கின்றன. அந்த எட்டு வாரமே சான்று சேகரிக்கும் காலம். தோளெலும்புகளிடையே தோலுக்கடியில் செலுத்தப்படும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைச் சோதனைத் தாளில் குறிக்காவிட்டால், சோதிக்கப்பட்ட குட்டி இதுதானா என்ற அடுத்த வழக்கு தொடங்கும்.

ஆகவே வளர்ப்பாளர்கள் செய்ய வேண்டியது இணை சேர்க்கும் நாளிலேயே இருக்கிறது: இரு நாய்களின் மாதிரியையும் எடுத்து வைப்பதும், குட்டிப்பங்கை எழுதிக் கையொப்பமிடுவதும். ஆண் நாய் இறந்து புதைக்கப்பட்ட பின் அதன் கன்னத்தில் பஞ்சுக்குச்சி வைக்க முடியாது.