இக்கரையும் இல்லை, அக்கரையும் இல்லை

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் குடியேறிவிட்ட அவருடைய மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பேச்சுக்கு நடுவே பெட்டியிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்துத் தாயார் கையில் கொடுத்தான். அது அவனுடைய பழைய இந்திய பாஸ்போர்ட். அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டபடியால் அதை நம் தூதரகத்தில் ஒப்படைத்திருக்கிறான். அவர்கள் 'ரத்து' முத்திரை குத்தி, ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாக ஒரு பத்திரமும் கொடுத்து, புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அந்த அம்மாள் மெதுவாகப் புரட்டிப் பார்த்தார். உள்ளே, மீசை அரும்பிய வயதில் எடுத்த படம்.

"ஏண்டா, இனிமே நீ இந்த ஊர்ப் பிள்ளை இல்லையா?"

"சட்டப்படி இல்லேம்மா" என்றான் பையன். சிரிக்க முயன்றான், முடியவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் வெகு கறார்தான். வேறு நாட்டின் பிரஜாவுரிமையை வலியப் பெற்றவர் இந்தியப் பிரஜை அல்ல என்று நம் அரசியல் சாசனத்தின் 9-ஆவது ஷரத்து சொல்கிறது. 1955-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவும் அதையே வலியுறுத்துகிறது. அந்த நிமிஷத்திலேயே உறவு அற்றுவிடுகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதெல்லாம், வீட்டைக் காலி செய்த பிறகு சாவியைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான்.

ஒரு வீட்டுச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. புது வீட்டுக்காரன் கதவைச் சாத்திக் கொண்டால்? அப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வைஷ்ணோ தாஸ் பகாயின் நினைவு வந்தது.

பகாய் 1891-இல் பெஷாவரில் பிறந்தவர், வசதியான குடும்பம். அடிமைப்பட்ட நாட்டில் தம் குழந்தைகள் வளரக் கூடாது என்று நினைத்தார். சொத்துக்களை விற்றுப் பணமாக்கிக் கொண்டு, மனைவி கலாவுடனும் மூன்று பிள்ளைகளுடனும் 1915 செப்டம்பரில் ஸான்பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தில் வந்து இறங்கினார். கையில் 25,000 டாலர் இருந்தது. ஏஞ்சல் தீவில் நிறுத்தி வைத்து விசாரித்த அதிகாரிகள், அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் வழி விட்டார்கள். பத்திரிகைக்காரர்களுக்கோ பணத்தைவிடக் கலா அம்மாளின் மூக்குத்திதான் பெரிய அதிசயமாகப் பட்டது. அதைப் பற்றியே எழுதித் தள்ளினார்கள்!

அந்த நகரம் அப்போது கதர் கட்சியின் தலைமை இடம். பகாயும் அந்தக் கட்சியின் காரியங்களில் பங்கு கொண்டார். அதே சமயம், வந்த நாட்டையும் நம் நாடு என்றே நினைத்தார். கடை வைத்தார். மேல்நாட்டு உடை உடுத்தினார். பக்கத்து ஊரான பெர்க்லியில் ஒரு வீடு வாங்கினார். குடிபோகச் சாமான்களுடன் போய் நின்றபோது, அக்கம்பக்கத்தார் உள்ளே போக முடியாதபடி வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். "இங்கே வேண்டாம், குழந்தைகளை ஏதாவது செய்துவிடுவார்கள்" என்று கலா அம்மாள் சொல்லிவிட்டார். வண்டி திரும்பியது.

ஆனாலும் பகாய் மனம் தளரவில்லை. 1921-இல் பிரஜாவுரிமை கிடைத்தது. பிரிட்டிஷ் மன்னரிடம் இருந்த விசுவாசத்தை அடியோடு துறப்பதாகச் சத்தியம் செய்தால்தான் அது கிடைக்கும். கதர் கட்சிக்காரருக்கு அதைவிடச் சந்தோஷமான சத்தியம் வேறு என்ன இருக்க முடியும்? பழைய சங்கிலி அறுந்தது என்றே நினைத்திருப்பார்.

இரண்டே வருஷம். 1923 பிப்ரவரியில் இடி விழுந்தது.

அமெரிக்காவில் அப்போது 1790-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. 'சுதந்திரமான வெள்ளையர்'தான் பிரஜையாகலாம் என்பது அதன் சாரம். 1870-இல் ஆப்பிரிக்க வம்சத்தாரையும் சேர்த்துக் கொண்டார்கள். ஆசியாக்காரர்கள் வெளியே நின்றார்கள். பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர், முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்தவர், பிரஜாவுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மூன்று மாதங்களுக்கு முன்புதான் அதே நீதிமன்றம், ஒஜாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், 'வெள்ளையர்' என்றால் காகேசிய இனத்தார் என்று சொல்லியிருந்தது. வட இந்தியரும் காகேசிய இனந்தானே என்பது திண்டின் வாதம். நீதிபதி ஸதர்லண்ட் தீர்ப்பு எழுதினார்: விஞ்ஞானம் எதையாவது சொல்லட்டும், சாதாரண ஜனங்களின் பேச்சு வழக்கில் யார் வெள்ளையரோ அவர்தான் வெள்ளையர், இந்தியர் அதில் சேர மாட்டார். மூன்று மாதத்துக்கு முன் உதவிய விஞ்ஞானம் இப்போது உதவவில்லை!

இனி இந்தியருக்குப் பிரஜாவுரிமை இல்லை என்பதோடு நின்றிருந்தாலும் போகட்டும். ஏற்கெனவே கொடுத்ததையும் பறிக்க சர்க்கார் வழக்குப் போட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படிப் பறிகொடுத்தார்கள். பகாய் அவர்களில் ஒருவர். பிரஜையாகும் தகுதி இல்லாத அந்நியர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 1913 முதலே ஒரு சட்டம் இருந்தது. அது அவர் மீது பாய்ந்தது. சொத்து போயிற்று, கடையும் போயிற்று.

ஸகாராம் கணேஷ் பண்டிட் என்ற இந்திய வக்கீல் ஒருவர் மட்டும் விடாமல் போராடினார். "நீங்கள் கொடுத்த உரிமையை நம்பித்தானே ஊரில் இருந்ததை விட்டேன்? கொடுத்துவிட்டு இப்போது இல்லை என்றால் எப்படி?" என்பதே அவர் கேட்ட நியாயம். கீழ்க் கோர்ட்டுகளில் வென்றார். 1927-இல் உச்ச நீதிமன்றம் சர்க்காரின் முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதோடு மற்ற வழக்குகளையும் கைவிட்டார்கள். ஆனால், முன்பே இழந்தவர்களுக்கு அந்த வெற்றி எதையும் திருப்பித் தரவில்லை.

1928-இல் பகாய் ஊருக்கு ஒருமுறை போய்வர விரும்பினார். அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துக் கொள்ளலாமே என்று யோசனை சொன்னார்கள்.

எந்த அரசை வேண்டாம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாரோ, அதன் வாசலில் போய்க் கை நீட்டச் சொன்னார்கள். விவேகிகள் சொல்லக்கூடும்: "காகிதந்தானே, வாங்கிக்கொண்டு போய்வந்தால் என்ன?" மானஸ்தர் ஒருவருக்கு அது வெறும் காகிதமாக இருக்கவில்லை. அந்த வருஷம் மார்ச் மாதத்தில், ஸான்ஹோஸே என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், பகாய் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். மனைவிக்கும் மக்களுக்கும் கடிதங்கள் எழுதி வைத்திருந்தார். பத்திரிகை ஒன்றுக்கும் ஒரு கடிதம். இந்த நாட்டை என் வீடாக நினைத்து வந்தேனே, இப்போது நான் யார் என்ற கேள்விதான் அதில் இருந்தது. முன்னும் வழி இல்லை, பின்னால் பாலமும் இல்லை என்று புலம்பியிருந்தார்.

அந்த முடிவு சரி என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகளுடன் தனியாக நின்ற கலா அம்மாளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்த அம்மாள் உடைந்துவிடவில்லை. ஆங்கிலம் கற்றார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், பின்னால் குடும்ப நண்பர் ஒருவரை மணந்து கொண்டார். 1946 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தால் இந்தியருக்கு மீண்டும் வழி திறந்தது. புதிதாக வருபவர்கள் வருஷத்துக்கு நூறு பேர்தான். ஆனாலும் கதவு திறந்தது. கலா அம்மாளும் பிற்பாடு அமெரிக்கப் பிரஜையானார். 1983-இல் காலமானார்.

2020-இல் பெர்க்லி நகரசபை ஒரு வீதிக்குக் கலா பகாயின் பெயரை வைக்கத் தீர்மானித்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிய அதே ஊர்தான்!

இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது நண்பரின் மகன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "என் கையில் ரெண்டு காகிதமும் இருக்கு. அவருக்கு ஒண்ணும் இல்லாம போச்சு" என்றான்.

அவன் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பாஸ்போர்ட் இல்லை.

"எங்கே வச்சே?" என்று கேட்டார் நண்பர்.

"அவன் ஜாதகத்தோட வச்சுட்டேன்" என்றார் அந்த அம்மாள்.