அபின் நம்மூர்ல, மாத்திரை அமெரிக்காவில்

மாங்காட்டிலிருந்து பேசறேன். பெரிய ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பும்போது அமெரிக்காவில் ஓபியாய்டு மாத்திரை எழுதித் தருவது வழக்கம். இங்கே பெரும்பாலும் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக்தான்.

இத்தனைக்கும் அபின் விளைவது நம்ம மத்தியப் பிரதேசத்தில்! அமெரிக்கா தனக்கு வேண்டிய அபின் மூலப்பொருளில் குறைந்தது 80 சதவீதத்தை இந்தியா, துருக்கியிடம் வாங்கணும்னு 1981லேயே விதி வெச்சாங்க.

அப்புறம் ஏன் நமக்குக் கிடைக்கலை? 1985ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கணக்கு தவறினால்கூட 10 வருஷம் ஜெயில்னு பயம். மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி லைசென்ஸ். மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபினையே கைவிட்டன. 2014ல்தான் சட்டத்தைத் திருத்தி லைசென்ஸ் முறையை எளிதாக்கினாங்க.

அங்கே அளவுமீறி எழுதியே பலர் அடிமையானாங்க. அந்த வழி நமக்கு வேண்டாம். ஆனா, 'வலியைப் பொறுத்துக்கோ'ன்னு நாம சொல்றதில் அந்த 1985 சட்டத்துக்கும் பங்கு இருக்கு.