பிரசங்கமும் அதன் அவையும்

தமிழ் மேடைப்பேச்சைப் பண்டை மரபின் இயல்பான தொடர்ச்சியாகக் கொள்வது நம்மிடையே வழக்கம். இக்கருத்து மீளாய்வுக்குரியது. யாழ்ப்பாணத்துப் புராணபடனத்தில் நூலே முதன்மை பெற்றது. வாசிப்பவரும் பயன் சொல்பவரும் செய்யுளைப் பின்தொடர்ந்தனர். தெரிந்தெடுத்த பொருளொன்றை மக்களை நேரே விளித்துக் கிழமைதோறும் உரைக்கும் முறையைப் புரட்டஸ்தாந்து மிசனரிமாரே இங்குப் பரப்பினர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர் அம்முறையை அருகிருந்து கற்றவர். 1847 டிசெம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், மிசனரிமாரின் கருவிகொண்டே அவர்களை எதிர்த்த முயற்சியாகும்.

எனினும், வடிவம் புதிதாயினும் அவை பழையதே. கோயிலுட் புகும் உரிமை மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். கடலுக்கு அப்பால், 1908இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளரை விளித்துப் பேசினர். அப்பேச்சு வேலைநிறுத்தத்துக்கு வலுவூட்டிற்று. யாழ்ப்பாணத்திலோ, 1968இலும் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது.

ஆகவே, பேச்சுக்கலையின் வரலாற்றை நாவன்மையின் வரலாறாக மாத்திரம் எழுதுதல் போதாது. அவையில் அமர யாருக்கு இடமிருந்தது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.